எண்ணெய்க்கு அவிழ்ந்தால் முடி

சௌந்தரத்தின் கடையில் எண்ணெய் வாங்குகிறவர்கள் கூடவே ஓர் அறிவுரையையும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். "தலைக்கா? உள்ளங்கைக் குழிக்கு மேல ஊத்தாதீக. மிச்சம் ஊத்துறதெல்லாம் தலையணைக்குத்தான் போகும்" என்பாள். அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளாக எண்ணெய் விற்கும் ஒருத்தி எண்ணெயைக் குறைக்கச் சொல்வதைக் கேட்டு அவள் கணவர் மாதவன் நெற்றியில் அடித்துக்கொள்வார். "எனக்குப் போட்டி எதுத்த கடைக்காரன் இல்ல. எங்க கல்லாவுல உக்காந்திருக்கா" என்பது அவர் தினமும் சொல்லும் வேடிக்கை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகலில் முத்துலட்சுமி கடைக்கு வந்தாள். பரளச்சிக்கு இரண்டு கல் தள்ளி உள்ள சிற்றூரின் பள்ளியில், சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருப்பவள். அந்தக் கூடத்துக்கு அமைப்பாளர் தங்கச்செல்வி. சௌந்தரத்தோடு திருச்சுழிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவள். அதனால் முத்துலட்சுமி வந்தால் முதல் விசாரணை எப்போதும் செல்வியைப் பற்றியதுதான்.

"காய்ச்சல் நின்னுருச்சா செல்விக்கு? எப்ப வேலைக்கு வாராளாம்?"

முத்துலட்சுமி பையை இறக்கிவைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இனி எங்கிட்டு வர? அவுகளுக்குச் சடை விழுந்திருச்சுக்கா. அம்மன் எறங்கிருச்சு. வர்ற வெள்ளிக்கிழமை செவப்புச் சேலை கட்டி, குலசாமி கோயில்ல உக்கார வைக்கப் போறாக. குறி சொல்லப் போறாக."

"சிக்கு விழுந்திருக்கும்டி."

"சிக்குன்னு சொல்லாதீகக்கா, வாய் அவிஞ்சு போகும். சாமி வந்த தலை முட்டை அவிக்கிற எடத்துக்கு வரலாமா? ஞாயித்துக்கிழமையோட அவுக லீவு முடியுது. வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவாகன்னு ஊரே பேசுது."

சௌந்தரம் அளந்துகொண்டிருந்த எண்ணெய் புனலைத் தாண்டி வழிந்தது. முப்பது ஆண்டுகளில் அவள் கை தவறியதை மாதவன் அன்றுதான் பார்த்தார்.

அவள் மனம் நான்கு மாதங்கள் பின்னோக்கிப் போய் நின்றது. செல்வியின் கணவர் பால்ச்சாமி இறந்த முப்பதாம் நாள். துக்கம் கேட்கப் போன சௌந்தரம், தோழியின் தலையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். காய்ந்த கோரைபோல் கிடந்தது கூந்தல். "வருசம் திரும்புற மட்டும் எண்ணெ, சீப்பு ஆகாதாம். எங்க வீட்டு வழக்கம்" என்று செல்வி சொன்னாள். சௌந்தரத்தின் கைப்பையில் ஒரு சீசா தேங்காயெண்ணெய் இருந்தது. தோழிக்கென்றே எடுத்துப் போனது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களின் கண்களைப் பார்த்தாள்; பையைத் திறக்கவில்லை. போன சீசா அப்படியே திரும்பி வந்தது.

அதன்பின் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் கண்டவள் தலை முழுகலாகாது என்று மேலும் இரண்டு மாதம் போயிற்று. எண்ணெய் கூடாது என்று தடுத்தது வழக்கம். எண்ணெய் காணாத முடி பின்னிக்கொண்டதும் அதைச் சாமி என்று கும்பிட்டதும் அதே வழக்கம். ஒரு கையால் பட்டினி போட்டுவிட்டு மறு கையால் கற்பூரம் காட்டும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தை எந்தப் பள்ளியில் படித்தார்கள்? தலை கேட்டது ஒரு கை எண்ணெய். கிடைத்ததோ தெய்வப் பட்டம்! ஒரு பெண்ணின் சோற்றையும் தொழிலையும் பறிக்க வாளும் வேலும் வேண்டியதில்லை, காலில் விழுந்தால் போதும் என்பதை இந்த நாடு நன்றாகக் கற்று வைத்திருக்கிறது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சௌந்தரம் ஏறினாள். பையில் அரை லிட்டர் தேங்காயெண்ணெய், இரண்டு சீப்பு, பழைய துண்டுகள், கடையில் சாக்குத் தைக்கும் கோணி ஊசி ஒன்று.

சன்னலுக்கு வெளியே கருவேலங்காடும் கரிசலும் மாறி மாறி ஓடின. திருச்சுழி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, இரட்டைச் சடை போட்ட பெண்பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். அவர்களின் தலையிலிருந்து வந்த எண்ணெய் வாசம், அந்த ஐம்பத்து நான்கு வயதுக்காரியைப் பதின்மூன்று வயதில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அவளுடைய தந்தைக்கு அப்போது திருச்சுழியில் எண்ணெய்க் கடை. அம்மா ஒவ்வொரு நாளும் மகளைப் பிடித்து உட்காரவைத்து ஒரு கரண்டி நிறைய ஊற்றுவாள். எண்ணெய் நெற்றியைத் தாண்டிப் புருவத்தில் தேங்கி, காதோரம் இறங்கி, சட்டைக் கழுத்தை நனைத்து, பரீட்சைத் தாளிலும் சொட்டும். வகுப்பில் அவளுக்குப் பெயர் எண்ணெய்ச் சட்டி. பெயர் வைத்தவள் செல்விதான்.

செல்வி நாள்தோறும் ஊரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவர்கள் வீட்டில் நிலம் இருந்தது. நிலத்தின் மேல் வானம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே மழைதான் இல்லை. அந்த ஆண்டு எள்ளும் முளைக்கவில்லை, கடலையும் முளைக்கவில்லை. தாளிக்க எண்ணெய் இல்லாத வீட்டில் தலைக்கு ஏது? பள்ளியிலோ தலையில் எண்ணெய் இல்லாமல் வரக் கூடாது. காலை வணக்கம் முடிந்ததும் விளையாட்டு டீச்சர் வரிசையாக வருவார். ஒவ்வொரு தலையிலும் உள்ளங்கையை வைப்பார், அதே கையை ஒரு வெள்ளைத் தாளில் பதிப்பார். தாளில் எண்ணெய்த் தடம் விழுந்தால் வகுப்புக்குள் போகலாம். விழாவிட்டால் இடைவேளை வரை வெயிலில் நிற்க வேண்டும். செல்வி தலையில் தண்ணீர் தடவி ஏமாற்றிப் பார்த்தாள். தாளை வெயிலில் காட்டியதும் தண்ணீர்த் தடம் காய்ந்து பறந்தது; செல்வி வெளியே நின்றாள்.

மூன்றாம் நாள் சௌந்தரம் அவளைப் பஸ் நிறுத்தத்துச் சுவருக்குப் பின்னே இழுத்துக்கொண்டு போனாள். தன் சடையை அவிழ்த்து, சீப்பை ஆழ விட்டு இழுத்தாள். பல்லிடுக்கெல்லாம் எண்ணெய். அதே சீப்பைச் செல்வியின் தலையில் ஓட்டினாள். மறுபடி தன் தலை, மறுபடி அவள் தலை. பத்து இழுப்பில் இரண்டு தலையும் ஒரே மினுக்கமாயின. அன்று டீச்சரின் தாளில் செல்வியின் தடம் நிலா போல வட்டமாக விழுந்தது.

அன்று முதல் சௌந்தரம் வீட்டில் அழ ஆரம்பித்தாள்: "இன்னொரு கரண்டி ஊத்தும்மா!" மகளுக்கு எண்ணெய் மேல் இத்தனை ஆசையா என்று அம்மா பூரித்துப் போனாள். ஒரு தலையில் ஊற்றிய எண்ணெயில் இரண்டு பெண்கள் மூன்றாண்டு படித்தார்கள்.

*

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கும்பிட வந்த கூட்டம். எல்லோரும் கலையும்வரை சௌந்தரம் வெளியே காத்திருந்தாள். பின்பு உள்ளே போனாள்.

செல்வி பாயில் உட்கார்ந்திருந்தாள். உச்சியிலிருந்து பிடரி கடந்து ஒரு முழ நீளத்துக்குக் கயிறு போலத் திரண்டு தொங்கியது முடி. யாரோ அதன்மேல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"வாடி எண்ணெய்ச் சட்டி. கும்பிட வந்தியா, குறி கேக்க வந்தியா?"

"ஒந் தலையப் பாக்க வந்தேன்."

"பாத்துட்டேல்ல, தள்ளி உக்காரு. தொட்டா ஆகாதாம்."

"ஊரு கிடக்கட்டும். நீ என்ன சொல்ற?"

செல்வி சிரிக்க முயன்றாள். "எனக்குத் தெரியலடி. மொத ஆளு வந்து கும்பிட்டப்ப சிரிப்பாணியா வந்துச்சு. பத்துப் பேரு கால்ல விழுந்த பெறகு சிரிக்கப் பயமா இருக்கு." பிறகு குரல் இறங்கியது. "பதினெட்டு வருசம்டி அந்தக் கூடத்துல. பிள்ளைக முட்டைய டொக்கு டொக்குன்னு தட்டில தட்டி ஓடு உரிக்கும் பாரு, அந்தச் சத்தம் கேக்காம எனக்குச் சோறு எறங்கல. திங்கக்கிழமை போகணும். கோயில்ல உக்காந்துட்டேன்னா எந்தத் திங்கக்கிழமையும் எனக்கு இல்ல."

"அப்பக் கத்தரியக் கொண்டா. நறுக்கு நறுக்குன்னு நாலு வெட்டு."

"ஐயோ, அந்தப் பேச்சு எடுக்காத!" செல்வி முந்தானையை இழுத்துச் சடைமேல் போட்டுக்கொண்டாள். "சடையில கத்தரி பட்டா வீட்டுல ஒரு உசுரு போகும்ங்கிறாக. எம் மகன் சங்கர் லாரியில வடநாடு போயிருக்கான். ஒத்தப் பிள்ளை. வெட்டிப்புட்டு, நாளைக்கே அவனுக்கு ஒண்ணுன்னா, ஊரு சொல்றது கிடக்கட்டும், எம் மனசு என்ன சொல்லும்?"

சௌந்தரத்தின் நாவில் துடித்துக்கொண்டிருந்த நூறு வாதங்களும் அங்கே வாயடைத்து நின்றன. மேடையில் எறிந்தால் மூட நம்பிக்கை சுக்கு நூறாகும் சொற்கள் உண்டு. ஒற்றைப் பிள்ளையை நெடுஞ்சாலையில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் தாயின் முன்னே அந்தச் சொற்களை எடுத்து எறிய யாருக்குக் கை வரும்?

"சரி, கத்தரி வேண்டாம். எண்ணெ வைக்கலாமா? அதுக்கு ஒண்ணும் சாபம் இல்லையே?"

செல்வி யோசித்தாள். அவள் முகத்தில் பள்ளிக்கூடத்துக் களை ஒன்று எட்டிப்பார்த்தது. "எண்ணெய்க்கு அவுந்தா அது முடி. அவுகலன்னா சாமி. அப்படி வச்சுக்கிருவோமா?"

"வச்சுக்கிருவோம்."

அப்போது உள்ளே வந்தான் சுந்தரபாண்டி. செல்வியின் கொழுந்தன், பால்ச்சாமியின் தம்பி. ஏற்பாடுகள் அனைத்தும் அவனுடையவை. கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. அண்ணியின் தலையில் சடை கண்ட அதே வாரம், நான்கு முறை பொய்த்த அவனுடைய போர்க் குழாயில் ஐந்தாம் முறை தண்ணீர் பீறிட்டது. தண்ணீரைக் கண்டவன் தெய்வத்தையும் கண்டுவிட்டான். வறண்ட நாட்டில் அது பெரிய குற்றமும் ஆகாது. தன் தாகம் தணிந்ததற்கு இன்னொருத்தியின் வாழ்வைக் காணிக்கை வைக்கப் பார்த்தானே, குற்றம் அதுதான்.

"யாரு, டவுனு அக்காவா? வாங்க." அவன் பார்வை எண்ணெய்ச் சீசாவில் விழுந்தது. முகம் மலர்ந்தது. "எண்ணெய்க் காப்பா?"

"காப்புத்தான் தம்பி" என்றாள் சௌந்தரம்.

காப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. சிலைக்கு எண்ணெய் சார்த்துவது ஒன்று. காத்து நிற்பது மற்றொன்று. அவன் கேட்டது முதலாவது. அவள் சொன்னது இரண்டாவது.

"எம்புட்டு வேணும்?"

"அரை லிட்டர் கொண்டாந்தேன். பத்துமான்னு தெரியல."

"சாமிக்குப் போயி அளவு பாக்கலாமாக்கா? செக்கு நல்லெண்ணெ ரெண்டு லிட்டர் நான் கொண்டாரேன். வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் உள்ள வராமப் பாத்துக்கிறேன்" என்று ஓடினான். தான் கும்பிடும் சாமியைக் கரைப்பதற்குத் தானே எண்ணெய் சுமந்து வந்த பக்தன், அந்த வட்டாரத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

சௌந்தரம் வீட்டுக்குப் போன் போட்டாள். "கடையப் பாத்துக்கிருங்க. வெள்ளிக்கிழமை வாரேன்."

"ஒரு தலைக்கு எண்ணெ வைக்க மூணு நாளா? உள்ளங்கைக் குழின்னு சொல்லுவியே!" என்றார் மாதவன்.

"குழி பெருசாயிருச்சு" என்று சொல்லி வைத்தாள்.

*

முதல் நாள் தோல்விதான். முப்பது ஆண்டுப் பழக்கம் கையை விடவில்லை. சௌந்தரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். எண்ணெய் மேலே மினுங்கியது. உள்ளே ஒரு நூலும் நனையவில்லை. சீப்பின் முனை இறங்காமல் இரண்டு பல் முறிந்தன.

"ஊத்துடி. யாரு வீட்டு எண்ணெ? ஒங்கப்பன் கடையில எனக்குச் சீப்பு வழியா வந்தது இதைவிடக் கூட இருக்கும்" என்று செல்வி திட்டினாள்.

பிறகு ஊற்றினாள். அரை லிட்டரும் போயிற்று. சுந்தரபாண்டியின் செம்பு நல்லெண்ணெயும் பாதி போயிற்று. கை வழுக்கியது, முடி பிடிக்குச் சிக்காமல் மீனாய் நழுவியது. அளவு குறைந்தால் முறிகிறது, கூடினால் வழுக்குகிறது. எவ்வளவு எண்ணெய் என்ற கேள்விக்குக் கல்லாவில் உட்கார்ந்து சொல்லிவந்த விடை, தோழியின் பிடரியில் செல்லாக் காசானது. மாலைவரை கையைப் பிசைந்துவிட்டுத்தான் அவளுக்கு வழி பிடிபட்டது. சடையை இளஞ்சூட்டு எண்ணெயில் நனைத்துத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். அது உள்ளே குடிக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு மேலே நிற்பதைத் துண்டால் அழுந்தத் துடைக்க வேண்டும். அப்புறம்தான் விரல். உள்ளே நனைந்திருக்க வேண்டும், வெளியே உலர்ந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை நுனியிலிருந்து தொடங்கினாள். சீப்பைத் தொடவில்லை. கோணி ஊசியின் காதுப் பக்கத்தை உள்ளே செலுத்தி, ஐந்தாறு மயிராகப் பிரித்தெடுத்தாள். முதல் இழை தனியே பிரிந்து வந்தபோது இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. வாசலில் கோழி கொத்திக்கொண்டிருந்தது.

ஒரு விரற்கடை அவிழ அரை மணி நேரம் ஆயிற்று. அவிழ அவிழப் பேச்சும் அவிழ்ந்தது.

"ஒனக்கு ஞாபகம் இருக்கா? வருசப் பரீட்சை அன்னைக்கு எண்ணெ வழிஞ்சு ஒன் கணக்குத் தாள்ல அம்புட்டும் ஊறிப்போச்சு" என்றாள் செல்வி.

"அந்தப் பக்கத்துல எழுதுன விடை இந்தப் பக்கம் தெரிஞ்சுச்சு. டீச்சரம்மா மார்க்க ரெண்டு தடவ போட்டாக."

"கடைசி நாள் ஆளுக்கொரு ரிப்பனை மாத்திக்கிட்டோமே, ஒன் பச்சைய நான் கல்யாணத்து மட்டும் வச்சிருந்தேன். மாமியா வீட்டுல அது எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல."

"என்கிட்டயும் இல்ல."

"ஒங்கம்மா ஊத்துற எண்ணெய்க்கு ஒரு வாசம் உண்டுடி. சின்ன வெங்காயம் போட்டுக் காய்ச்சுவாக. இப்பவும் எங்கயாச்சும் வெங்காயம் தாளிச்சா எனக்கு அந்தப் பஸ் ஸ்டாப்புச் செவருதான் கண்ணுக்குத் தெரியும். மூணு வருசம் என் தலைக்கு அம்மா அவுகதான். அவுகளுக்கே தெரியாது."

சௌந்தரத்தின் விரல்கள் நின்றன. முன்னால் இருப்பவள் தன் முகத்தைப் பார்க்க முடியாது என்ற துணிவில் அவள் சொன்னாள்: "முப்பதாம் நாள் வந்தப்ப என் பையில ஒரு சீசா எண்ணெ இருந்துச்சு, செல்வி. ஒனக்குன்னு எடுத்தாந்தேன். எடுத்து வைக்கல."

"ஏன்டி?"

"சுத்தி உக்காந்திருந்தாகள்ல. என்ன சொல்லுவாகளோன்னு. பன்னெண்டு பதிமூணு வயசுல டீச்சருக்குப் பயப்படாதவ, அம்பது வயசுக்கு மேல நாலு பொம்பளைகளுக்குப் பயந்துட்டேன். அன்னைக்கு ஒரு கை வச்சிருந்தா இன்னைக்கு இம்புட்டு எண்ணெ தேவையில்ல."

செல்வி மடியில் உதிர்ந்திருந்த மயிரை எடுத்து விரலில் சுற்றினாள். "குடுத்திருந்தாலும் நான் வச்சிருக்க மாட்டேன். எனக்கும் பயம்தான்" என்றாள். "இழுடி. பேசிக்கிட்டே நிப்பாட்டிட்ட."

அன்று பொழுது சாயும்போது சடையில் முக்கால் பாகம் அவிழ்ந்து, நரையும் கறுப்புமாய்த் தோளில் விரிந்தது. உதிர்ந்தது பாதி, இருந்தது பாதி. செல்வி அதை முன்பக்கம் எடுத்துப் போட்டு, தன் கூந்தலைத் தானே தொட்டாள். தொட்டால் ஆகாது என்று ஊர் விதித்த பின், அவள் தன் தலையைத் தொட்டது அதுவே முதல் முறை.

*

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பிடரியில் ஒரு முடிச்சு எஞ்சியிருந்தது. நெல்லிக்காய் அளவு. மரக்கட்டை போல் இறுகியது. சௌந்தரம் என்னென்னவோ செய்தாள். விளக்கெண்ணெய் வைத்தாள், சுடச்சுட நல்லெண்ணெய் வைத்தாள், ஊசி வளைந்தது. முடிச்சு அசையவில்லை.

ஒன்பது மணிக்குச் சுந்தரபாண்டி வந்தான். கையில் சிவப்புச் சேலையும் மாலையும். அண்ணியின் தோளில் விரிந்து கிடந்த கூந்தலைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னக்கா செஞ்சு வச்சிருக்கீக? காப்புன்னு சொன்னீகளே!"

"காப்புத்தான் தம்பி. சாமிக்கில்ல, ஒங்க அண்ணிக்கு. நீங்க சாமிக்குன்னு நெனச்சப்ப நான் திருத்தல. அது என் தப்பு."

அவன் சினந்து நெருங்கினான். நெருங்கியதும் பிடரி முடிச்சு கண்ணில் பட்டது. சினம் பரவசமாக மாறியது. "பாத்தீகளா! ரெண்டு நாளு, ரெண்டு லிட்டர். ஒலகத்து எண்ணெ அம்புட்டும் ஊத்தியும் அது அசையலைல்ல! அதான் அம்மன் இருக்குற எடம். மதினி, சேலைய வாங்கிக்கங்க."

சௌந்தரம் தோழியைப் பார்த்தாள். எண்ணெய்க்கு அவிழாவிட்டால் சாமி என்ற பேச்சு இருவரும் ஒப்பியது. தன் கை தோற்றுவிட்டது.

செல்வி சேலையைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். பிடரிக்குக் கையைக் கொண்டுபோய் அந்த முடிச்சை விரல்களால் உருட்டிப் பார்த்தாள். பின்பு மெல்லக் கேட்டாள்:

"தம்பி, ஒங்க போர் எத்தன அடி?"

"எழுநூத்தம்பது, மதினி."

"என் தலை ஒரு சாண். ரெண்டுக்கும் எதுல குழா மாட்டியிருக்கீக?"

சுந்தரபாண்டி மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"தண்ணி கெடச்சதுல எனக்கும் சந்தோசம்தான். அஞ்சு தடவ தோண்டுன ஒங்க பிடிவாதம் அது. அதை ஏன் எந் தலையில கொண்டாந்து வைக்கிறீக?" அவள் திரும்பினாள். "சௌந்தரம், அந்த மாடத்துல கத்தரி இருக்கு, எடுத்துக் குடு."

"செல்வி... சங்கரு..."

"மூணு நாளா ஒவ்வொரு மயிரா எடுத்தியே, எனக்கு ஒவ்வொரு தடவையும் பயம். வந்த மயிரு அம்புட்டும் மயிராத்தான் வந்துச்சு. மிச்சம் இருக்குற நெல்லிக்கா மட்டும் வேற எதுவா இருந்துறப் போகுது? குடு. நீ வெட்டாத. எம் பிள்ளை, எந் தலை. நான் வெட்டுறேன்."

அவள் ஒரு கையால் முடிச்சைப் பற்றினாள். கத்தரி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை கடித்தது. தலையிலிருந்து அது விடுபட்டு உள்ளங்கையில் விழுந்தபோது செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே போனை எடுத்துச் சௌந்தரத்திடம் நீட்டினாள். சௌந்தரம் அழைத்தாள். ஐந்தாறு முறை மணி ஒலித்தது. அதற்குள் மூவருக்கும் வயதாகியிருக்கும்.

"என்னம்மா, வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். பெறகு பேசுறேன்" என்றது சங்கரின் குரல், எரிச்சலோடு. இணைப்பு அறுந்தது.

செல்வி கண்ணைத் திறந்தாள். முடிச்சைக் கத்தரி நுனியால் கீறினாள். உள்ளே அழுக்கேறிய இலவம்பஞ்சு சுருண்டு கிடந்தது. காய்ச்சலில் இரண்டு மாதம் அவள் தலை வைத்துக் கிடந்த கிழிந்த தலையணையின் பஞ்சு. எண்ணெயைக் குடித்துக் குடித்து ஊதி, முடியை உள்ளிருந்து இறுக்கியிருந்தது. அதைக் கொழுந்தன் கையில் வைத்தாள்.

"நீங்களே பிரிச்சுப் பாருங்க."

சுந்தரபாண்டி பிரித்துப் பார்த்தான். விரலில் ஒட்டிய பஞ்சை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றான். தெய்வம் போய்விட்ட வெறுமையைவிட, ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கலக்கம் அவன் முகத்தில் பெரிதாக இருந்தது. பாவம், அவனும் நான்கு பேருக்குப் பயந்தவன்தான்.

"அப்ப இந்தச் சேலைய என்ன செய்ய?"

"தீபலட்சுமிக்குக் குடுங்க. ஒங்க பொண்டாட்டி செவப்புல ஒண்ணு வேணும்னு ரெண்டு வருசமாக் கேக்குறா. சாமிக்கு எடுத்த கை அவளுக்கு எடுத்தாக் கொறஞ்சா போகும்?"

அவன் சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியேறினான். மாலையை மட்டும் வாசற்படியில் விட்டுப் போனான்.

சௌந்தரம் மிஞ்சிய எண்ணெயைத் தொட்டு, குறுகிப்போன அந்தக் கூந்தலை வாரத் தொடங்கினாள். அப்போது வாசலில் ஒரு கிழவி தயங்கி நின்றாள். மேலத்தெருச் சந்தனம்மாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், சூடம். குறி கேட்க முதல் ஆளாக வந்துவிட்டவள். விரிந்த கூந்தலையும் தரையில் கிடந்த கத்தரியையும் பார்த்து அவள் தட்டு ஆடியது.

"ஆத்தாடி, போயிருச்சா?"

"போயிருச்சு பெரியம்மா" என்றாள் செல்வி.

"அப்ப நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்? எட்டாப்புப் படிக்கிற எம் பேத்தி வாரத்துக்கு ரெண்டு தடவ மயக்கம் போட்டு விழுறா. என்ன தோசமோ, எந்தக் காத்தோ தெரியலையே."

"உள்ள வாங்க. உக்காருங்க. காலையில பேத்தி என்ன திங்குறா?"

சந்தனம்மாள் உட்காரவில்லை. சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தாள். "இது சாமி கேக்குதா, நீ கேக்குறியா?"

"நான்தான் கேக்குறேன். பதினெட்டு வருசமாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடுறவ. தெரிஞ்சதச் சொல்றேன், தெரியாதுன்னா தெரியாதும்பேன்."

கிழவி தட்டைக் கீழே வைத்தாள். முழங்காலைப் பிடித்து மெல்ல அமர்ந்தாள். "காலையில எங்க திங்குறா? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிருவா" என்று சொல்ல ஆரம்பித்தாள்.